உப்பில்லாத திருவமுதும் ஓசையில்லாத நோயும்

கும்பகோணத்திற்கு அருகே, திருநாகேசுவரத்தை ஒட்டி அமைந்துள்ளது திருவிண்ணகர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்துப் பெருமாளுக்கு, தனக்கு ஒப்பில்லாதவன் என்னும் பொருளில் ஒப்பிலியப்பன் என்பது திருப்பெயர். மக்கள் நாவில் அது உப்பிலியப்பன் என்றும் வழங்குகிறது. அதற்குக் காரணமான தலவரலாற்றைப் பெரும்பாலோர் அறிவர். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தையை மார்க்கண்டேய மகரிஷி தம் மகளாக வளர்த்தார். பெருமாள் முதியவர் வடிவில் வந்து அவளைப் பெண் கேட்டார். உணவில் உப்புச் சேர்க்கும் பக்குவம்கூட அறியாத சிறுமி இவள் என்று முனிவர் தட்டிக்கழிக்க முயன்றார். உப்பில்லாமல் சமைத்தாலும் உண்பேன் என்று வந்தவர் சொல்லிவிட்டார். இன்றளவும் அங்குத் திருவமுது உப்பின்றியே படைக்கப்படுகிறது.

அந்தப் பிரசாதத்தைக் கையில் வாங்கி உண்போர் எவரும் முகம் சுளிப்பதில்லை. இலையில் ஒரு பருக்கைகூட மீதம் வைப்பதில்லை. அதே அன்பர்கள் வீடு திரும்பியபின் மருத்துவர் சொன்னதற்காக இல்லத்தரசி சாம்பாரில் சிறிது உப்பைக் குறைத்தால், அன்றைய சாப்பாட்டு வேளை சச்சரவில் முடிகிறது. நாக்கு பழகிய பழக்கத்திற்கு அவ்வளவு வலிமை. அந்தப் பழக்கமே உயர் இரத்த அழுத்தம் என்னும் நோய்க்குப் பெரியதொரு வாயிலாக இருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தைக் குழாய்களுக்குள் உந்தித் தள்ளுகிறது. அந்த உந்துதல் குழாயின் சுவரில் ஏற்படுத்தும் அழுத்தமே மேல் எண். இதயம் தளர்ந்து மீண்டும் நிரம்பும் இடைவேளையில் குழாயில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்பது இயல்பு நிலையின் எல்லை. வெவ்வேறு நாள்களில் அளந்தபோதும் 140 அல்லது அதற்கு மேலாக மேல் எண்ணோ, 90 அல்லது அதற்கு மேலாகக் கீழ் எண்ணோ இருந்தால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இரண்டில் ஒன்று மிகுந்தாலும் போதும். மற்றொன்று சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை.

இந்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயத் தேவாலயக் குரு. ஒரு குதிரையின் தமனியில் உலோகக் குழாயைச் செருகி அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு ஏறி நின்றது. 1733-இல் இதனை நூலாக வெளியிட்டார். மனிதரிடம் இவ்வாறு செய்ய இயலாதாகையால் மேலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காத்திருக்க நேர்ந்தது. 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை உருவாக்கினார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். இன்றும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்வது அதுவே.

அளக்கக் கற்றபின்னும், மிகுந்த அழுத்தம் ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ள மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. வயது ஏற ஏறக் குழாய்கள் தடிக்கின்றன, அவற்றினூடே இரத்தத்தைச் செலுத்த இந்த அழுத்தம் தேவையே, அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று பெரிய மருத்துவர்களே எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தின் விலையை உலகமே காணும்படி செலுத்தியவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1937-இல் அவருடைய அழுத்தம் 162/98. 1941-இல் 188/105. உடன் இருந்த மருத்துவர் காது மூக்கு தொண்டை நிபுணர். தலைவர் நலமாகவே உள்ளார் என்று அவர் நாட்டிற்கு அறிவித்து வந்தார். 1944 மார்ச்சில் ஹோவர்டு புரூயன் என்னும் இதய மருத்துவர் பரிசோதித்தபோது இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. உப்பைக் குறைக்கவும் ஓய்வு கொள்ளவும் சொல்வதையும், இதயத்திற்கு வலுவூட்டும் டிஜிட்டாலிஸ் தருவதையும் தவிர அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்ல மருந்து என்று அக்காலத்தில் ஒன்றும் இல்லை.

1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில், தம்மை ஓவியர் வரைந்துகொண்டிருந்தபோது, தலையில் கடும் வலி என்று கூறியபடி அவர் சரிந்தார். அழுத்தம் 300/190-ஐக் கடந்திருந்தது. மூளைக்குள் இரத்தக் கசிவு. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63. உலகப் போரை நடத்திய வல்லரசின் தலைவருக்கு அன்று கிடைக்காத மாத்திரை, இன்று தமிழகத்தின் எந்த அரசு மருத்துவமனையிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு விழுங்காமல் இருப்போரை என்னவென்று சொல்வது?

ரூஸ்வெல்ட் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1948-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூரில் 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. நோயுற்றோரைத் தேடாமல், நலமாக இருப்போரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்று பார்ப்பதே நோக்கம். மிகுந்த அழுத்தம், புகைபிடித்தல், மிகுந்த கொழுப்பு ஆகியவை பின்னாளில் வரும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று அந்த ஆய்வே நிறுவியது. இன்று மருத்துவர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் அபாயக் காரணி என்ற சொல்லும் அங்கிருந்தே பரவியது. பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மற்றொன்றும் தெளிவாயிற்று. நடுத்தர வயதினருக்கு 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 அளவு கூடும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கூட்டு வட்டியின் கணக்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்தியாவின் பங்கும் இவ்வரலாற்றில் சிறியதன்று. பாம்பு போல் வளைந்த வேரையுடைய சர்ப்பகந்தா என்னும் மூலிகையைப் பாம்புக்கடிக்கும் மனக் கொந்தளிப்புக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், நோயாளிகளிடம் அதன் பலனைச் சோதித்து பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் கட்டுரை வெளியிட்ட பின்னரே மேலை நாடுகள் விழித்துக்கொண்டன. 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதால் பிற்காலத்தில் அதன் புழக்கம் குறைந்தது. ஆகவே மூலிகை என்பதாலேயே அதில் தீங்கு இராது என்று கருதி நாட்டு மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்பது தவறு. வேறொரு விந்தையும் உண்டு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியே உருவான காப்டோப்ரில் என்னும் மருந்து 1981-இல் புழக்கத்திற்கு வந்தது. அதன் வழித்தோன்றல்களை இன்று இலட்சக்கணக்கானோர் உட்கொள்கின்றனர்.

உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

உப்பில் உள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி வைக்கிறது. நீர் மிகுந்தால் குழாயில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடும், அழுத்தமும் ஏறும். அதிகப்படியான சோடியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வயது ஏறும்போதும், சர்க்கரை நோயால் சிறுநீரகம் நலிந்தபோதும் அவ்வேலை தடைப்படுகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு அது. காலை இட்லி, சட்னி முதல் இரவு மோர் சாதம், ஊறுகாய் வரை அனைத்திற்கும் சேர்த்து. உலக மக்கள் சராசரியாக அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் உண்கின்றனர்.

குழம்பில் போடும் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஆவக்காய் ஆகியவற்றை வரிசையாக வைத்துக்கொண்டால் பயனில்லை. அப்பளத்தில் உப்பு மட்டுமன்றி அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியமே. ஆப்ப சோடாவும் அவ்வாறே. ரொட்டி, பிஸ்கெட், உடனடி நூடுல்ஸ், பொட்டலச் சூப், மிக்சர், சிப்ஸ் இவற்றில் நாக்குக்குத் தெரியாத அளவில் உப்பு நிறைந்துள்ளது. விரத நாளில் சாதாரண உப்பை விலக்கி இந்துப்புச் சேர்ப்பது பல குடும்பங்களில் மரபு. மரபு என்ற அளவில் அது தொடரட்டும். ஆனால் இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்பதால், அழுத்த நோயாளிக்கு அது பாதுகாப்பானது என்று எண்ணி அள்ளிப் போடுவது ஆகாது. பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பு என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பலருக்கு அது நன்மை தரும். சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் உண்போருக்கும் பொட்டாசியம் கேடாக முடியும். மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

நாக்கைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. உப்பைப் படிப்படியாகக் குறைத்து வந்தால் சில வாரங்களில் அந்தக் குறைந்த சுவையே இயல்பாகிவிடும். எலுமிச்சை, சீரகம், மிளகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவை அந்த இடைக்காலத்தைக் கடக்கப் பெரிதும் உதவும். வீட்டில் ஒருவருக்கென்று தனிச் சமையல் செய்வதைவிட அனைவருக்குமே குறைத்துச் சமைப்பது நல்லது. பிள்ளைகளும் அந்தச் சுவைக்கே பழகுவர்.

மற்ற காரணிகளுள் சிலவற்றை மாற்ற இயலாது: வயது, பெற்றோரிடமிருந்து வந்த உடல்வாகு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாற்றம். உடற்பருமன், நடையின்மை, மது, புகையிலை ஆகியவை மாற்றத்தக்கவை. புகையிலை என்பதில் வெற்றிலையோடு மென்று துப்பும் புகையிலையும் அடங்கும். அதிகம் பேசப்படாத இரண்டைச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி நிவாரணி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குரல் இனிமைக்காகப் பஜனைக் குழுவினர் பலர் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம், தொடர்ந்து மிகுதியாக உண்டால் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும். உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுவோரும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு காரணம்.

விரத நாளும் மாத்திரையும்

தலைவலியோ மயக்கமோ வந்தால்தான் பிரஷர் இருக்கிறது என்னும் நம்பிக்கை இன்னும் விலகவில்லை. உண்மையில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. உலகில் 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டோருள் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், அவர்களுள் 46 விழுக்காட்டினர் தமக்கு இருப்பதையே அறியாதவர்கள் என்றும், ஐவரில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கணித்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும், பெண்களில் 21 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் மிகுந்திருக்கிறது அல்லது அதற்காக மருந்து உண்கின்றனர்.

அறிந்தவர்களும் இடையில் மருந்தை விட்டுவிடுகின்றனர் என்பதே பெருந்துயரம். மூன்று மாதம் மாத்திரை உண்டபின் அளந்து பார்த்தால் 126/80 என்று வருகிறது. குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் மாத்திரையால் வந்த எண் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிலர் வறட்டு இருமல் வந்ததென்றும், சிலர் கணுக்கால் வீங்கியதென்றும் தாமாகவே விட்டுவிடுவர். இவை சில குறிப்பிட்ட மாத்திரைகளின் அறியப்பட்ட விளைவுகளே. மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். அத்தகைய வகைகளுக்குப் பஞ்சமில்லை. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் வேகமாக எகிறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று விரதம் இருப்போர் அன்றைய மாத்திரையையும் சேர்த்தே விலக்கிவிடுவது பரவலாக உள்ளது. மாத்திரை உணவன்று, ஒரு மிடறு நீருடன் அதை உட்கொள்வதால் விரதத்திற்குப் பங்கம் நேர்வதாக ஆன்றோர் எவரும் கருதமாட்டார். பிணியாளர்க்கும் முதியோர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் விரத நெறிகளைத் தளர்த்தியே பெரியோர் வகுத்துள்ளனர். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர் நீரும் அருந்தாமல் நாள் முழுதும் இருந்தால் உடல் வறண்டு தலைசுற்றி விழ நேரலாம். சர்க்கரை மாத்திரையும் சேர்த்து உண்போர்க்கு வெறும் வயிறு இன்னும் ஆபத்து. எனவே நீண்ட விரதத்திற்கு முன் மருத்துவரிடம் நாளைக் குறிப்பிட்டுக் கேட்டு, வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

யாத்திரைக்கும் இது பொருந்தும். சபரிமலையில் பம்பையிலிருந்து நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்களில் அவசர மருத்துவ மையங்கள் அமைத்திருப்பது காரணமின்றி அன்று. ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் செங்குத்தான மலையேறுவோரின் இதயம் திணறுகிறது. மாலை அணிந்த நாள் முதலே அன்றாடம் நடந்து பழகுவதும், மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் இருமுடியோடு எடுத்துச் செல்வதும் தேவை. திருமலையில் தரிசனத்திற்காகப் பல மணி நேரம் காத்திருக்க நேரும்போது மாத்திரை அறையிலுள்ள பெட்டியில் இருந்து பயனில்லை. கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரை உண்ணும் முதியோர் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கிய பின் சட்டென்று எழாமல், சற்று அமர்ந்து, பிறகு எழுந்தால் தலைசுற்றி விழுவதைத் தவிர்க்கலாம். பிராணாயாமமும் தியானமும் மனக் கொதிப்பைத் தணித்து அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்க உதவும். மருந்தின் இடத்தை அவை நிரப்பமாட்டா. மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகத்தையும் சிரசாசனத்தையும் மருத்துவரைக் கேளாமல் செய்தல் தகாது.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால் அது பக்கவாதம். சோடா கொடுத்தும் கைகாலைத் தேய்த்தும் காலம் போக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பலன். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்து மருத்துவரிடம் சொல்வது பெரிய உதவி.

வீட்டில் அளக்கும் மின்னணுக் கருவி இப்போது பல குடும்பங்களில் இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்துவோர் குறைவு. காபி குடித்து அரை மணியேனும் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முழங்கைக்கு மேல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை மேசை மீது இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து குறித்து வைக்க வேண்டும். மருத்துவமனையில் மட்டும் அச்சத்தால் ஏறும் எண்ணையும், வீட்டில் மட்டும் ஏறும் எண்ணையும் இந்தக் குறிப்பேடே மருத்துவருக்குக் காட்டிக்கொடுக்கும். கருவி இல்லாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோயாளிகளுக்கு மாத்திரையும் தருகின்றனர்.

அந்தக் கருவி பெரும்பாலும் வீட்டுப் பெரியவருக்காக வாங்கப்படுகிறது. ஞாயிறுதோறும் அவருக்கு அளந்து, எண்ணை உரக்கப் படித்து, உறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். அவருக்காக உப்பைக் குறைத்துச் சமைத்து, மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் மனைவிக்கோ, நாற்பது வயதைத் தொட்ட மருமகளுக்கோ, மகப்பேற்றின்போது அழுத்தம் ஏறியிருந்த மகளுக்கோ ஒருமுறைகூட அளந்திருக்கமாட்டார்கள். மகப்பேற்றுக் காலத்தில் ஒருமுறை ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிலைத்துவிடும் வாய்ப்பு மிகுதி. 30 வயதைக் கடந்த ஆண், பெண் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்து பார்க்க வேண்டும் என்பதால், பெரியவருக்கு அளந்து முடித்ததும் அடுத்த நாற்காலியில் அவர்களையும் அமரச் சொல்லலாம்.